கறிவேப்பிலை மணக்கும் காரா பிஸ்கட்

பிஸ்கட் என்றாலே இனிப்புத்தானா? கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயும் உப்பும் கலந்த மாவில் பிசைந்து சுடப்படும் காரா பிஸ்கட், பெங்களூரின் ஐயங்கார் பேக்கரிகளில், அதாவது ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பங்கள் முட்டை சேர்க்காமல் நடத்திவரும் அடுமனைகளில், மாலைத் தேநீருக்கு உற்ற துணையாக விளங்குகிறது. இதையே துருவிய கேரட்டும் முருங்கைக்கீரையும் சேர்த்து, கர்நாடகத்தில் அதிகம் விளையும் கேழ்வரகின் மாவைப் பாதியளவு கலந்து வீட்டிலும் சுடலாம். கீரையும் கேழ்வரகும் சேர்வதால் சத்தும் கூடும். ஆனால் காயிலுள்ள ஈரம் மாவில் தங்கிவிட்டால் பிஸ்கட் மொறுமொறுப்பாக வராமல் மெத்தென்று ஆகிவிடும் என்பதால், துருவிய கேரட்டைத் துணியில் இறுகப் பிழிந்தும், கழுவிய கீரையை நிழலில் உலர்த்தியும் சேர்க்க வேண்டும். மாவை மெல்லியதாகத் தேய்த்து, மிதமான சூட்டில் நிதானமாகச் சுட்டால் எஞ்சிய ஈரமும் ஆவியாகிவிடும். சூடாக இருக்கும்போது சற்று மென்மையாகத் தோன்றினாலும் கவலை வேண்டாம், நேயர்களே. பிஸ்கட் முழுமையாக மொறுமொறுப்படைவது ஆறிய பின்னரே.