கொழுகொழு குழந்தையும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும்

கடைக்கு வரும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால், வசதியான வீட்டுப் பிள்ளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் நாட்டில் இதுவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 3.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். 2015-16ல் இது 2.1 சதவீதம். அதே கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள் 35.5 சதவீதம்.

வெளிநாடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் நான்கைந்து வயதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் எடை பார்க்கிறார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் உடல் பருமன், வசதியான பகுதிகளைவிட இரு மடங்குக்கும் மேல். காரணம் எளிது. பழம், பால், முட்டை விலை கூடியவை; சர்க்கரையும் எண்ணெயும் மைதாவும் சேர்ந்த பண்டம் மலிவு, கெடுவதுமில்லை. உலக அளவில் 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில், எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் அதிகமாகிவிட்டதாக 2025ல் யுனிசெப் அறிவித்தது.

தருமபுரிக்காரர்களுக்கு இதில் என்ன? பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் தாய் தகப்பன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போக, பேரப்பிள்ளை பாட்டியிடம் வளர்வது நமக்குத் தெரிந்த கதை. பிள்ளை அழுதால் ஐந்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புவாள். சரத்தில் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறோம். வயிறு நிறைந்த பிள்ளை இரவுச் சோறு உண்பதில்லை. சத்துக் குறைவும் கொழுப்பும் ஒரே உடம்பில் சேர வழி இதுதான்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் அவரது குழுவினரும் செய்த ஆய்வில், எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தையின் உடம்பில் தசை குறைவாக இருந்தாலும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருப்பதில்லை என்று தெரிந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை பின்னால் வேகமாக எடை போட்டால், பெரியவனானபின் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆக, இன்று மெலிந்திருக்கும் ஏழைப் பிள்ளைக்கே நாளை ஆபத்து கூடுதல்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்த்த பானமே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல். டீயில் வறுக்கி நனைத்து ஊட்டும் பழக்கத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

சட்டமும் வந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது. பள்ளியருகே கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வரியோ வேறு பக்கம் இழுக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரைக் குளிர்பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18லிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது.

பாக்கெட் சரக்கை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எடை போட வேண்டாம், சிந்தாது, கம்பெனி வண்டி வாசலுக்கே வருகிறது. ஆனால் எதை எங்கே வைப்பது என்பது நம் கையில். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகளில் இத்தகைய பண்டங்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கத் தடை. நாமும் சரங்களைக் குழந்தையின் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றி, கல்லாவுக்கு முன்னால் கடலை மிட்டாய், வறுகடலை, பொட்டுக்கடலை ஜாடிகளை வைக்கலாம். கடலை மிட்டாயிலும் வெல்லம் உண்டுதான். ஆனாலும் கூடவே புரதமும் சேர்ந்து வருகிறது.

கேழ்வரகு நம் மண்ணின் சரக்கு. 2023ல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது நீலகிரியிலும் நம் தருமபுரியிலும்தான். அதை அரைத்துச் சலித்து மாவாக, கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலத்தில் வைத்தால், கூழ் காய்ச்ச நேரமில்லாத வீட்டிலும் வாங்குவார்கள்.