திரைக்குள் ஒரு காயில்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்கள் தண்ணீரும் ரசாயனமும் தோலுமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றைச் சுழற்றுவது மோட்டார். ஈரமான இடம் என்பதால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பியின் காப்பு கெட்டு, அந்தக் கம்பிச் சுருளான காயில் எரிவதுண்டு. எரிந்த மோட்டார், புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறைக்குப் போகும்.

பட்டறைக்காரர் பழைய கம்பியை எடுத்த எடுப்பிலேயே பிடுங்கிப் போட்டுவிட மாட்டார். எத்தனை சுற்று, எந்த கேஜ் (கம்பியின் தடிமன்), எந்த ஸ்லாட்டில் (கம்பி அமரும் பள்ளத்தில்) நுழைந்து எதில் வெளிவருகிறது, முனைகள் எங்கே சேர்கின்றன என்று முதலில் குறித்துக்கொள்வார். 36 ஸ்லாட், 4 துருவ மோட்டாரில் ஒரு துருவத்துக்கு 9 ஸ்லாட். காயில் ஒரு துருவ அகலம் முழுதும் தாண்டும் முழு பிட்ச் என்றால், 1இல் நுழையும் காயில் 10இல் வெளிவர வேண்டும். ஒரு காயில் தலைகீழாகச் சேர்ந்துவிட்டாலும் மோட்டார் உறுமும், சூடேறும்.

கணினியில் காயிலை வரைந்து காந்தப்புலத்தைக் கணக்கிடும் சிமுலேஷன் மென்பொருளிலும் இதே போன்ற தவறுகள்தான் நடக்கின்றன. ஆனால் மென்பொருள் உறுமாது. தப்பான விடையையும் அழகான வண்ணப்படமாகக் காட்டிவிடும்.

அடிக்கடி நேர்வது சுற்றுக் குழப்பம். 100 சுற்றில் 2 ஆம்பியர் ஓடினால் மொத்தம் 200 ஆம்பியர்-சுற்று. சுற்றைத் தனியாகக் கேட்கும் மென்பொருளில் மின்னோட்டக் கட்டத்தில் 200 என்று போட்டால் புலம் நூறு மடங்கு வீங்கிவிடும்.

அடுத்தது வடிவம். இருபரிமாணத்தில் வரையும்போது ‘அச்சுச் சமச்சீர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால், வட்டக் காயில் முடிவில்லாமல் நீளும் இரண்டு நேர்க்கம்பிகளாகிவிடும். முப்பரிமாணத்தில் கம்பியின் முனைகள் காற்றில் தொங்கக் கூடாது. மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், அல்லது வரைந்த பகுதியின் எல்லையைத் தொட வேண்டும். இல்லையென்றால் கணக்கு முடியாமல் தடுமாறும்.

காயிலைச் சுற்றிக் காற்றையும் வரைய வேண்டும். காந்தப்புலம் கம்பியோடு நின்றுவிடுவதில்லையே! மையத்திலிருந்து காயிலின் வெளிவிளிம்பு எவ்வளவு தூரமோ, அதைப்போல் ஐந்து மடங்காவது எல்லை தள்ளி இருப்பது நல்லது.

அதிர்வெண் கூடினால் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். செம்பில் 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். 1 மெகாஹெர்ட்ஸிலோ 0.07 மில்லிமீட்டர்தான். கம்பியைத் திடக் கடத்தியாக வரைந்தால், கணக்கிடுவதற்காக மென்பொருள் படத்தைப் பிரிக்கும் வலைக்கண்கள் அந்த ஆழத்தைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும்.

டேவிட் மீக்கர் எழுதிய ‘ஃபெம்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் அதில் 50 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் விட்டம், 500 சுற்று, 2 ஆம்பியர், உள்ளே வெறும் காற்று என்று ஒரு காயில் வரைந்து பார்க்கலாம். நடுவில் 2.5 மில்லிடெஸ்லா வர வேண்டும். வராவிட்டால் பட்டறைக்காரரைப் போலச் சுற்று, திசை, முனை என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.