நிஜமானதைக் கொடுங்கள்

இரண்டு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்துமஸுக்கு என் பேரனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கினேன். அப்போது அவனுக்குப் பத்து வயது, சென்னையில் ஐந்தாம் வகுப்பு. போனில் பேசினாலே பறவைகளைப் பற்றித்தான் கேட்பான். பொம்மைக் கடையில் கறுப்பு பிளாஸ்டிக்கில், மேலே பெரிதாக '30x60' என்று போட்டு ஒன்று இருந்தது. எண் பெரிதாக இருக்கிறதே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன்.

பண்டிகை முடிந்து 27-ஆம் தேதி காலையில் எல்லோரும் கூந்தன்குளம் போனோம். நாங்குநேரிப் பக்கத்து ஊர் அது. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் நிரம்பிவிட்டால் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை. அன்றைக்கு வரித்தலை வாத்துகள் வந்திருந்தன. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறவை அவை. பேரன் கரையில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். திருகினான். மறுபடியும் திருகினான். இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேரவே இல்லை. வாத்தின் ஓரமெல்லாம் வானவில் மாதிரி நிறம் பிரிந்து தெரிந்ததாம்.

பக்கத்தில் நின்ற ஒருவர், பறவை பார்க்கவே வந்தவர், தம்முடையதைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். அரை நிமிஷம்தான் இருக்கும். "ஆச்சி, தலைல ரெண்டு கறுப்புக் கோடு இருக்கு!" என்று கத்தினான். திரும்பிப் போகும்போது வண்டியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, என் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னான்: "ஆச்சி, இது டாய். அந்த அங்கிள் வச்சிருந்தது நிஜம்."

அந்த ஒரு வார்த்தை எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பரிசு வாங்குவது பெரிய தலைவேதனை என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஏழு வயதில் ரிமோட் கார் போதும். பதினாறு வயதில் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நடுவில்தான் நாம் திணறுகிறோம். பொம்மை என்று எழுதிய பெட்டியைப் பார்த்தாலே முகம் சுண்டிப்போகிறது. ஆனால் அது விளையாட்டு வேண்டாம் என்பதால் வருகிற சுணக்கம் இல்லை. பெரியவர்கள் புழங்குகிற பொருளைத் தானும் புழங்க வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் வருகிறது. அதன் பொய் நகலைக் கையில் கொடுத்தால், நீ இன்னும் சின்னப் பிள்ளைதான் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

அதனால் "என்ன வேணும்?" என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. கேட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான்: போன். அதற்குப் பதிலாக, பெரியவர்கள் கையிலிருந்து எதை வாங்கிப் பார்க்க அலைகிறார்கள் என்று கவனிக்கிறேன். மாமாவின் ஸ்குரூ டிரைவரா, அத்தையின் தையல் மெஷினா? எங்கள் தெருவில் ஒரு பையன் ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் பக்கத்திலேயே நிற்பான். அவன் தாத்தா 37 கட்டை வைத்த சின்னக் கீபோர்டு வாங்கப் போனார். நான் தடுத்தேன். முழு அளவுக் கட்டைகள் 61 இருக்க வேண்டும், மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் பலமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் வீட்டில் பழகிய விரல் ஆலயத்திலும் பழகும். விலை கூடுதல்தான். சித்தப்பா, அத்தை, தாத்தா மூன்று பேரும் தனித்தனியாக மூன்று சாமான் வாங்குவதை விட்டுவிட்டுச் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள்.

பைனாகுலரையும் அப்படித்தான் போன வருஷம் மறுபடி வாங்கினோம். இந்த முறை விசாரித்துவிட்டுப் போனேன். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும். முப்பது மடங்கைக் கையில் பிடித்துக்கொண்டு யாராலும் ஒரு பறவையை நிதானமாகப் பார்க்க முடியாது. பெட்டியில் அச்சடித்திருந்த அந்த எண் உண்மையாகவே இருந்திருந்தாலும் பிள்ளைக்கு அது உதவியிருக்காது. எட்டுக்கு மேல் போக வேண்டாம். கழுத்து வலிக்கும் என்று தோன்றினால் 8x32 இன்னும் லேசாக இருக்கும். இன்னொன்று முக்கியம். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி குறைவு. நடுக்கீலை முழுக்க மடக்கி, பிள்ளையே பார்த்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகச் சேருகிறதா என்று கடையிலேயே சொல்ல வேண்டும். ஆகவே பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ரகசியம் போய்விடுகிறதே என்று வருத்தப்படாதீர்கள். கடையில் நின்று தெருவுக்கு எதிரே இருந்த பெயர்ப்பலகையை அவன் எழுத்துக் கூட்டி வாசித்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். கலர் பேப்பரைக் கிழிக்கிறபோது வருகிற சந்தோஷத்தைவிட அது பெரிதாக இருந்தது.

பொருளோடு ஆளும் வேண்டும். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது பொம்மை ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவி என்று கேட்டவரை மாமா அமிருதீன் தியாப்ஜி அதட்டி உட்காரவைக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்கும்படி வழிகாட்டினார். அங்கே செயலாளர் மில்லார்டு இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். வாழ்நாள் முழுக்க சாலிம் அலி செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் கதவு திறந்தது. மாமா வேடம் நாம் எல்லோரும் போடலாம். பேரனுக்குப் பைனாகுலர் கொடுத்த நாங்கள் அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூந்தன்குளம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

போன் விஷயத்தில் என் கருத்து கறாரானது. அப்பா அம்மா வேண்டாம் என்று வைத்திருப்பதை ஆச்சி தாத்தா வாங்கிக் கொடுத்து நல்ல பெயர் எடுக்கக் கூடாது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடக்கிற சண்டைக்கு நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம். இன்ஸ்டாகிராமே 13 வயது ஆகாதவர்கள் கணக்குத் தொடங்கக் கூடாது என்றுதான் விதி வைத்திருக்கிறது.

துணி எடுக்காமல் நமக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. எடுங்கள், ஆனால் அளவைக் கேட்டு எடுங்கள். முக்கியமாகப் பேத்திகளுக்கு. உடம்பு மாறுகிற வயது அது. போன வருஷத்து அளவில் பிராக் எடுத்துவந்து, அது ஏறவில்லை என்றதும் "என்னமா வளர்ந்துட்டா பாரு" என்று நடுவீட்டில் சொல்வதை நம் பெண்கள் எத்தனை பேர் இன்னும் மறக்காமல் இருக்கிறார்கள்! துணியை அவளே பார்த்து எடுக்கட்டும். பணத்தை மட்டும் நாம் கொடுப்போம்.

கவரில் பணம் வைத்துக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பத்து வயது முடிந்த பிள்ளை தபால் அலுவலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம். 500 ரூபாய் போதும். ஆதார், போட்டோ, பெற்றோரின் அடையாளச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் கூட்டிப்போங்கள். என் பேத்தி அதற்காக மூன்று நாள் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். முதலில் பெயர் முழுவதும், பிறகு சுழித்து, பிறகு அடியில் ஒரு கோடு. கவுன்டரில் பாஸ்புக்கை அவள் கையிலேயே நீட்டினார்கள். அப்பா பெயருக்கு மேலே தன் பெயர் இருப்பதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு. இந்த வருஷம் அவளுக்கென்று நான் வாங்கியிருப்பது ஓர் அச்சு முறுக்கு அச்சு. ஒவ்வொரு டிசம்பரிலும் என் பக்கத்தில் நின்று, "நான் ஒண்ணே ஒண்ணு போடட்டுமா ஆச்சி?" என்று கேட்பாள். எண்ணெய் தெறிக்கும், போ என்று விரட்டியிருக்கிறேன். அவள் கேட்டதும் நிஜமான ஒன்றைத்தான். நவம்பரிலேயே இரும்பு அச்சை வாங்கி, அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நல்லெண்ணெயில் போட்டுப் பழக்கினேன். புது அச்சில் மாவு கழலாது.

அரைப் பரீட்சை லீவுக்கு வந்தவளிடம் கொடுத்தேன். அடுப்படியில் நான் உட்கார்ந்துகொண்டேன், அவள் நின்றாள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள் எல்லாம் அவளே அளந்து கரைத்தாள். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் முங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முதல் தடவை பயத்தில் முழுக்க முக்கிவிட்டாள். மாவு அச்சின் தலையைச் சுற்றி மூடிக்கொண்டு எண்ணெய்க்குள் பிடிவாதமாக இருந்தது. கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது பாதி உடைந்தது. மூன்றாவதில் கையை நிதானமாக இறக்கி, சரியான இடத்தில் நிறுத்தி, எண்ணெய்க்குக் கொண்டுபோய் லேசாக உதறினாள். பூ மாதிரி முறுக்கு தானாகக் கழன்று மிதந்தது.

"ஆச்சி, நீங்க தொடாதீங்க, நானே எடுக்கிறேன்" என்றாள்.