ராத்திரி ரெண்டு மணிக்குப் போன 143 மெயில்கள்

பரீட்சை, பகுதிநேர வேலைன்னு ஓடினதுல பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. (யாரும் தேடலைன்னு தெரியும், இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்லணும்ல :-)) இன்னைக்கு துணி துவைக்கிற கதை. உள்ளே கொஞ்சம் பொட்டி தட்டுற விஷயமும் இருக்கு. அந்தத் தொழில்ல இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம், நிரல் ஒரு வரிகூட வராது.

இங்கே ஜெர்மனியில நான் இருக்கிற மாணவர் விடுதியில 143 பேருக்கு நாலே நாலு வாஷிங் மெஷின். நேரம் குறிக்க கதவுல ஒரு பேப்பர் தொங்கும். நாம எழுதின பேரை அடிச்சுட்டு இன்னொருத்தன் எழுதியிருப்பான். இதுக்கு ஒரு மென்பொருள் எழுதி, அதையே வகுப்பு புராஜெக்ட்டா காட்டிடலாம்னு நாங்க நாலு பேர் கிளம்பினோம். ஜாவா. அஞ்சு மாட்யூல்: முன்பதிவு, மெயில், கணக்கு, குடியிருப்போர், திரை. முன்பதிவு என் பங்கு.

ஒருத்தர் முன்பதிவை ரத்து செஞ்சா அவருக்கு மெயில் போகணும். நான் என்ன பண்ணேன்? ரத்து செய்யற ஃபங்ஷனுக்குள்ளேயே 'நியூ' போட்டு ஒரு மெயில் அனுப்பியை உருவாக்கி, அங்கேயே அனுப்பிட்டேன். சர்வர் முகவரி, பாஸ்வேர்டு எல்லாத்தையும் அது தானே போய் எடுத்துக்கும். வேலை செஞ்சுது. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

கணக்கு மாட்யூல் எங்க குழுவிலிருந்த துருக்கிப் பொண்ணோடது. ரத்தானா காசு திரும்பி வருதான்னு சோதிக்க அவ ஒரு டெஸ்ட் எழுதினா. பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒரு முன்பதிவு போடணும், உடனே ரத்து செய்யணும், கணக்கைப் பார்க்கணும். அவ்வளவுதான். கையில இருந்தது விடுதிவாசிகளோட நிஜப் பட்டியலின் நகல். ராத்திரி ரெண்டு மணிக்கு அதை ஓட்டினா. 143 பேருக்கும் 'உங்கள் முன்பதிவு ரத்தானது'ன்னு மெயில் போயிடுச்சு. அதுல முக்கால்வாசிப் பேர் முன்பதிவே செய்யாதவங்க.

காலையில விடுதிப் பொறுப்பாளர் கொதிச்சுப் போய் வந்தார். குழுக் கூட்டத்துல மத்த ரெண்டு பேரும், "டெஸ்ட் போடறப்ப பார்த்துப் போட வேண்டாமா?"ன்னு அவளைத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. அதை இப்ப எழுதறப்பவும் கூசுது.

அவ என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "உன் கிளாஸோட கன்ஸ்ட்ரக்டர் குடியிருப்போர் பட்டியலும் கணக்கும் மட்டும்தான் கேட்டுச்சு. மெயில் போகும்னு எங்கே எழுதியிருந்தது?"

எங்கேயும் எழுதலை. அதுதான் பிரச்னையே.

ஒரு கிளாஸுக்கு இன்னொரு கிளாஸ் தேவைப்படறது தப்பில்லை. அந்தத் தேவையை வாசல்ல சொல்லாம வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா, உபயோகப்படுத்தறவங்களுக்கு அது கண்ணிவெடி. எழுதினவனுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்து மிதிக்கிறவங்களுக்குத்தான் வெடிக்கும்.

அன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல அஞ்சு பெட்டி வரைஞ்சு, யார் யாரை நம்பியிருக்காங்கன்னு அம்புக்குறி போட்டேன். முன்பதிவிலிருந்து மெயில், கணக்கு, குடியிருப்போர்னு மூணு அம்பு வெளியே போகுது. திரையும் மெயிலும் முன்பதிவை நோக்கி வருது. மெயில் எதுக்கு? எந்த மெஷின், எத்தனை மணின்னு கடிதத்துல எழுத அதுக்கு முன்பதிவு கிளாஸ் வேணும். ஆக முன்பதிவுக்கு மெயில் வேணும், மெயிலுக்கு முன்பதிவு வேணும். வட்டம்! ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை தனியா எடுக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது. பேருக்கு ரெண்டு மாட்யூல், நிஜத்துல ஒண்ணுதான்.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்ச ஞானம் இல்லைங்க. 1972லேயே டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரையில, வேலை நடக்கிற வரிசைப்படி நிரலைப் பிரிக்காதே, நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொண்ணையும் ஒரு மாட்யூலுக்குள்ள மறைச்சு வைன்னு சொல்லிட்டார். எப்படித் தகவல் சொல்றோம் (மெயிலா, எஸ்எம்எஸ்ஸா) என்பது நாளைக்கே மாறலாம். அதை நான் மறைக்கலை. நான் மறைச்சது, மெயில் போகுதுங்கற விஷயத்தையே. தலைகீழ்!

1996ல் ராபர்ட் மார்ட்டின் இதுக்கு வைத்தியம் எழுதினார். சார்பைத் திருப்பிப் போடறதுன்னு வச்சுக்கலாம். முக்கியமான கொள்கை, சில்லறை விவரத்தை நம்பி இருக்கக்கூடாது. ரெண்டுமே நடுவுல ஒரு இன்டர்ஃபேஸை நம்பி இருக்கணும்.

நான் ஊர்லேருந்து தூக்கிட்டு வந்த மிக்ஸியை வச்சு சொல்றேன். அதோட மூணு முள் பிளக் இந்த ஊர் சுவர்ல நுழையாது. அதுக்காக ஒயரைப் பிடுங்கி சுவருக்குள்ள இருக்கிற கம்பியோட முறுக்கி டேப் சுத்தினா சட்னி அரையும், வீடும் எரியும். அதானே நான் நிரல்ல பண்ணது? சரியான வழி, சுவர்ல ஒரு சாக்கெட். அதோட வடிவத்தைச் சுவர் முடிவு பண்ணும், மிக்ஸிதான் ஒரு அடாப்டர் மாட்டிக்கிட்டு வரணும்.

நிறைய பேர் கோட்டை விடற இடம் இதுதான். இன்டர்ஃபேஸ் எழுதுவாங்க, அதைக் கொண்டுபோய் மெயில் மாட்யூலுக்குள்ளேயே வைப்பாங்க. அப்ப அம்பு திரும்பவே இல்லை! முன்பதிவு இன்னமும் மெயிலைத்தான் நம்பி இருக்கு. இன்டர்ஃபேஸ் யாருக்குத் தேவையோ அவங்க வீட்டுல இருக்கணும். நான் 'தகவல்சொல்லி'ன்னு ஒண்ணை முன்பதிவு மாட்யூல்ல வச்சேன். ஒரே ஒரு ஃபங்ஷன்: ரத்தாச்சுன்னு சொல்லு. மெயில் அதை நிறைவேத்திக்கிட்டு வரும். கன்ஸ்ட்ரக்டர்லயே 'எனக்கு ஒரு தகவல்சொல்லி வேணும்'னு கேட்கும்படி மாத்தினேன். யாரை யாரோட கோர்க்கணுங்கறதை மட்டும் செய்ய 'தொடக்கம்'னு ஒரு சின்ன மாட்யூல், இருபது வரி.

மார்ட்டினோட அளவுகோல் ஒண்ணும் இருக்கு. வெளியே போற சார்பை, உள்ளே வர்றது வெளியே போறது ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும். 0ன்னா நிலையானது, 1ன்னா எதை மாத்தினாலும் ஆடிப்போறது. அவர் கிளாஸ் கணக்குல எண்ணுவார், நான் மாட்யூல் கணக்குல எண்ணினேன். முன்னாடி மூணு வெளியே, ரெண்டு உள்ளே: 0.6. இப்ப ரெண்டு வெளியே, மூணு உள்ளே: 0.4. பிரமாதமான எண் இல்லைதான். ஆனா வட்டம் உடைஞ்சுடுச்சு. டெஸ்ட்ல அவ மெயிலுக்குப் பதிலா ஒரு பட்டியல்ல எழுதிக்கிற போலித் தகவல்சொல்லியைக் கொடுத்தா. நாலு நிமிஷம் ஓடின சோதனை மூணு செகண்ட்ல முடிஞ்சுது. யார் தூக்கமும் கெடலை.

அதுக்காக எல்லாத்துக்கும் இன்டர்ஃபேஸ் எழுதிக் குவிக்காதீங்க. ஜாவாவோட ஸ்ட்ரிங் மாதிரி மாறவே மாறாததை நேரா நம்பலாம். வெளி உலகத்தைத் தொடறது, காசைத் தொடறது, அடிக்கடி மாறறது, இதுகளுக்கு மட்டும் சாக்கெட் போதும்.

அடுத்த கூட்டத்துல அந்தப் பேப்பரை மேசையில வச்சு, தப்பு அவளோடது இல்லை, என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். ஒரு வாரம் லேட். அவ பேப்பரைப் பார்த்துட்டு, "சரி, திரை ஏன் முன்பதிவை நேரா கூப்பிடுது?"ன்னு அடுத்த கேள்வியை ஆரம்பிச்சுட்டா.

உங்க நிரல்லயும் இப்படி வயித்துக்குள்ள 'நியூ' எங்கேயாவது ஒளிஞ்சிருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, சேர்ந்து அழலாம்.

கொசுறு: மென்பொருள் இப்ப ஓடுது. கதவுல பேப்பரும் தொங்குது. பேரை அடிக்கிறவன் இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கான் :-(