கமர்கட்டு

கமர்கட்டு என்பது வெல்லப்பாகுடன் தேங்காய்த் துருவலைச் சேர்த்துக் காய்ச்சி, சூடு ஆறுமுன் சிறு உருண்டைகளாக உருட்டிச் செய்யப்படும் ஒரு தமிழக இனிப்பு ஆகும். கமர்கட், கமரகட்டு என்றும் எழுதுவர். கரும்பழுப்பு நிறமும் கோலிக்குண்டின் அளவும் கொண்டது. வாயில் இட்டவுடன் கல்லைப் போல் இருக்கும். சற்று நேரத்தில் வாயின் சூட்டிலும் உமிழ்நீரிலும் இளகி, மெல்ல மெல்ல இழுபடத் தொடங்கும். கடித்து நொறுக்காமல் கன்னத்தில் அடக்கி வைத்து உண்பதே வழக்கம். பள்ளிக்கூடங்களின் அருகே உள்ள பெட்டிக்கடைகளில் கண்ணாடிச் சாடிகளில் நிரப்பி, சில காசுகளுக்கு விற்கப்பட்டு வந்த தின்பண்டங்களில் இதுவும் ஒன்று. தொழிற்சாலைகளில் செய்யப்படும் சாக்லேட்டுகளும் டாபிகளும் பரவிய பின்னர் இதன் விற்பனை குறைந்தது. எனினும் இரண்டே பொருட்களைக் கொண்டு வீட்டு அடுப்பில் செய்யக்கூடிய மெல்லும் மிட்டாய் என்ற வகையில் இதற்கு இணையானவை சிலவே.

மூலப்பொருட்கள்

வெல்லமும் தேங்காயும் ஒருங்கே விளையும் ஊர்களில் கமர்கட்டு எளிதாகச் செய்யப்படுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு அத்தகைய பகுதியாகும். 1895 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் இப்பள்ளத்தாக்கில் நெல், கரும்பு, தென்னை, வாழை, திராட்சை ஆகியன பயிரிடப்படுகின்றன. இசையமைப்பாளர் இளையராசா பிறந்த பண்ணைப்புரமும், அதனை அடுத்துள்ள கோம்பை, தேவாரம் ஆகிய ஊர்களும் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ளன.

கமர்கட்டுக்கு மண்டை வெல்லம் அல்லது உருண்டை வெல்லம் ஏற்றது. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோசு ஆகும். வெல்லத்திலோ சுக்ரோசுடன் குளுக்கோசும் பிரக்டோசும், சிறிதளவு தாது உப்புகளும் கலந்துள்ளன. பாகு ஆறும்போது சுக்ரோசு மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிப் படிகமாக மாற முயலும். குளுக்கோசும் பிரக்டோசும் இடையே புகுந்து அவ்வடுக்கைக் குலைப்பதால் பாகு படிகமாகாமல் இழுவையாக நிற்கிறது. சர்க்கரையில் செய்யும் தேங்காய் பர்பி வாயில் பொடிந்து கரைவதற்கும், வெல்லத்தில் செய்யும் கமர்கட்டு மெல்லப்படுவதற்கும் இவ்வேறுபாடு ஒரு முக்கிய காரணமாகும். சர்க்கரையைக் கொண்டு இழுவை மிட்டாய் செய்வோர் பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுவதும் இதற்காகவே. அமிலம் சுக்ரோசின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்துவிடுகிறது.

தேங்காய் நன்கு முற்றியதாக இருத்தல் வேண்டும். அதன் நார் உருண்டைக்கு உடலாகவும், எண்ணெய் பல்லில் அளவுக்கு மீறி ஒட்டாமல் வழுக்கச் செய்யும் பொருளாகவும் பயன்படுகின்றன. இளந்தேங்காயில் நீர் மிகுதி, எண்ணெய் குறைவு.

பாகின் பதம்

கமர்கட்டின் மெல்லும் தன்மை பாகில் எஞ்சும் நீரின் அளவைப் பொறுத்தது. பாகு கொதிக்கும்போது நீர் ஆவியாகி வெளியேறுகிறது. நீர் குறையக் குறைய, பாகின் கொதிநிலை உயர்கிறது. கடல்மட்டத்தில் 112 முதல் 116 பாகை செல்சியசு வரையுள்ள சர்க்கரைப் பாகில் ஏறத்தாழ 15 விழுக்காடு நீர் எஞ்சியிருக்கும். இது குளிர்ந்த நீரில் விட்டால் நசுங்கும் உருண்டையாகத் திரளும். உருட்டுப் பதம் எனப்படுகிறது. 121 முதல் 130 பாகை வரை செல்லும்போது எஞ்சும் நீர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டால் ஓசை எழுப்பும். 150 பாகையை எட்டினால் நீர் ஒரு விழுக்காடு அளவே. பாகு கண்ணாடியைப் போல் உடையும். கடலை மிட்டாய் மொறுமொறுப்பாக அமைவது இவ்வாறு முறுகக் காய்ச்சிய பாகினால்தான். 2020 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வெல்லப்பாகில் செய்யப்படுவதே. ஒரே வெல்லம் ஓர் அடுப்பில் நொறுங்கும் மிட்டாயாகவும், மற்றோர் அடுப்பில் இழுபடும் மிட்டாயாகவும் ஆவது பதத்தின் வேறுபாட்டால் ஆகும். கமர்கட்டுக்கு உரியது கெட்டி உருட்டுப் பதத்தின் தொடக்கம், அதாவது 121 பாகையை ஒட்டிய நிலை.

இந்த அளவுகளை வெப்பமானி கொண்டு அப்படியே பின்பற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. பாகின் கொதிநிலையும் அதே அளவு குறையும். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் பெரும்பாலும் 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கு ஒரு பாகை அளவே வேறுபாடு. ஆனால் சின்னமனூரிலிருந்து மலையேறிச் செல்லும் மேகமலையில், சுமார் 1500 மீட்டர் உயரத்தில், நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கடற்கரையில் 121 பாகையில் கிடைக்கும் பதம் அங்கே 116 பாகையிலேயே கிடைத்துவிடும். நூலில் உள்ளபடி 121 வரை காத்திருந்தால் பாகு முறுகி, உருண்டைகள் பல்லுக்கு அடங்காதவையாகிவிடும். வெப்பமானியை நம்புவோர் முதலில் தம் ஊரில் வெறும் நீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று அளந்து, அதனுடன் 21 பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கிண்ணத்து நீரில் ஒரு துளி பாகை விட்டுப் பார்க்கும் பழைய முறைக்கு இத்தகைய திருத்தம் எதுவும் தேவையில்லை. அது வெப்பத்தை அளப்பதில்லை. பாகின் இறுக்கத்தையே நேரடியாகக் காட்டுகிறது. எந்த உயரத்திலும், எந்த வெல்லத்துக்கும் அது பொருந்தும். அளவுகருவி இல்லாத காலத்தின் தோராயக் கணிப்பு என்று அதனை ஒதுக்குவது முறையன்று.

செய்முறை

200 கிராம் பொடித்த வெல்லத்துக்கு 100 கிராம் அளவு தேங்காய்த் துருவல், கால் குவளை நீர், ஒரு தேக்கரண்டி நெய், சிறிது ஏலக்காய்ப் பொடி அல்லது சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு போதும். இதிலிருந்து சுமார் 25 உருண்டைகள் கிடைக்கும்.

துருவலை வெறும் வாணலியில், நிறம் மாறாத அளவுக்கு இளஞ்சூட்டில் வதக்கி, ஈரம் போக்கி எடுத்துவைக்க வேண்டும். பச்சைத் தேங்காயின் எடையில் ஏறத்தாழ பாதி நீர் என்பதால் இப்படியைத் தவிர்க்கக் கூடாது. வெல்லத்தை நீரில் கரைத்து, மண்ணும் கரும்புச் சக்கையும் நீங்க வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டும். முதலில் பெரிய குமிழிகளாக நுரைத்துப் பொங்கும். பின்னர் குமிழிகள் சிறுத்து நெருக்கமாகும். உருட்டுப் பதம் வந்ததும் துருவலைச் சேர்த்து, தீயைக் குறைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும்.

முதன்முறை செய்வோர் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வதக்கிய துருவலிலும் ஈரம் எஞ்சியிருக்கும். அது பாகில் இறங்கியதும் பாகு இளகி ஒரு பதம் பின்னே சென்றுவிடும். எனவே தேங்காய் சேர்ப்பதற்கு முன் பார்த்த பதத்தை இறுதியானதாகக் கொள்ளலாகாது. சேர்த்துச் சில நிமிடங்கள் கிளறிய பிறகு, கலவையிலிருந்தே ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையே உருண்டு, அழுத்தினால் சற்றே நசுங்கி, தட்டில் போட்டால் மெல்லிய ஓசை தரும் நிலையே சரியானது. கலவையும் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். அப்போது நெய்யையும் ஏலக்காய்ப் பொடியையும் சேர்த்து இறக்கி, நெய் தடவிய தட்டில் கொட்ட வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் உள்ளங்கையில் நெய் தடவி விரைந்து உருட்ட வேண்டும். இடையில் இறுகிவிட்டால் தட்டுடன் இளஞ்சூட்டில் காட்டினால் மீண்டும் இளகும்.

ஆறிய பின்னும் உருண்டைகள் தட்டையாகச் சரிந்தால் நீர் மிகுந்துள்ளது என்று பொருள். மீண்டும் பாத்திரத்தில் இட்டுக் காய்ச்சலாம். கடிக்கவே இயலாதபடி கல்லாகிவிட்டால் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் விட்டு உருக்கி, பதத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாம். கரிந்த வாடை ஏறிய பாகை மட்டும் மீட்க வழியில்லை.

வெல்லத்தில் உள்ள பிரக்டோசு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஆதலால் மழைக்காலத்தில் உருண்டைகள் விரைவில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தனித்தனியே எண்ணெய்த்தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சுமார் இரண்டு வாரம் இருக்கும். அதன் பின் கெடுவது பெரும்பாலும் வெல்லமன்று, தேங்காய்தான். அதன் எண்ணெயில் காறல் வாடை தோன்றும்.

நிறமும் கலப்படமும்

கமர்கட்டின் கருமை வெல்லத்திலிருந்தும், காய்ச்சும்போது சர்க்கரை கருகிச் சிவப்பதிலிருந்தும் வருவது. தனியே சாயம் தேவையில்லை. கடையில் வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தரத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் உள்ளது. அந்நிறம் பலவேளைகளில் சோடியம் ஐதரோசல்பைட்டு முதலிய வேதிப்பொருட்களால் வெளுக்கப்பட்டதன் விளைவாகும். கமர்கட்டுக்குக் கருத்த வெல்லமே சிறந்தது.

சாயத்தைக் குறித்த கவனம் மற்ற மிட்டாய்களில் கூடுதலாகத் தேவைப்படுகிறது. துணிகளுக்கு நிறமேற்றப் பயன்படும் ரோடமைன்-பி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தமை ஆய்வில் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது.

எச்சரிக்கை

பதத்தை எட்டிய பாகு கொதிநீரை விட 20 பாகை கூடுதல் வெப்பம் உடையது. தோலில் பட்டால் நீரைப் போல் வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சிறுவர்கள் பள்ளிச் செயல்திட்டமாகச் செய்வதாயின் காய்ச்சும் பகுதியைப் பெரியவர்களே செய்ய வேண்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்ட வேண்டும். மை, பற்பசை முதலியவற்றைத் தடவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு உருண்டை தருவதும் தவறு. அதன் உருவமும் கடினமும் மூச்சுக்குழலை அடைக்கக் கூடியவை. வெல்லத்தால் ஆனதால் நீரிழிவு உள்ளவர்களும் உண்ணலாம் என்ற கருத்துக்கு அடிப்படை இல்லை. வெல்லமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதே.

ஒத்த இனிப்புகள்

ஜவ்வு மிட்டாய் தேங்காயின்றிச் சர்க்கரைப் பாகை மட்டும் கொண்டு செய்யப்படுவது. ஆறும் பாகைத் திரும்பத் திரும்ப இழுத்து மடிப்பதால் நுண்ணிய காற்றுக் குமிழிகள் புகுந்து, பாகு மென்மையும் பளபளப்பும் பெறுகிறது. திருவிழாக்களில் மூங்கில் கழியில் சுற்றி எடுத்துவந்து, கைக்கடிகாரம், மயில் என உருவங்கள் செய்து தருவர். ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில் 1880களில் புகழ்பெற்ற உப்புநீர் டாபியும் இவ்வாறு இழுக்கப்படுவதே. கீழக்கரையிலும் இலங்கையிலும் செய்யப்படும் தொதலில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் உண்டு. எனினும் அதன் இழுவைக்கு முதன்மையான காரணம் அரிசிமாவில் உள்ள மாப்பொருள் ஆகும்.