இல்லம் இல்லாதோர்க்கு ஓர் இல்லம்

முன்னுரை

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் பாட்டிமார் வாக்கு. மாலை மணி அடித்ததும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, எங்கே ஓடுகிறோம்? வீட்டுக்கு! வீடு என்று ஒன்று இருப்பதால் ஓடுகிறோம். அது இல்லாதவர் எங்கே ஓடுவார்?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் ஒரு தோழி அமர்ந்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பும்போது அவளுடைய இடம் காலியாக இருக்கும். ஆடி மாதத்தில் கறுத்து மெலிந்து மீண்டும் வருவாள். எட்டாம் வகுப்புவரை எவரையும் தேர்ச்சியின்றி நிறுத்தும் வழக்கம் இல்லாததால் எப்படியோ எங்களோடு வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவளுடைய முகவரி 'ஏரிக்கரை' என்ற ஒரே சொல்தான்.

எங்கள் சமூக சேவைக் குழுவினர் சிஸ்டருடன் அவளைத் தேடிப் போனோம். ஏரிக்கரையில் பனையோலையும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய பதினோரு குடிசைகள். அவை இருளர் குடும்பங்கள். தோழியின் தாய் சிஸ்டரிடம் சொன்னவை இவை: "மழையில கூரை போயிடுச்சும்மா. கூரை போட முன்பணம் வாங்கினோம். முன்பணம் வாங்கினா சூளைக்குப் போகணும். சூளைக்குப் போயிட்டா இங்க குடிசையைப் பார்க்க ஆளில்லை. திரும்பி வந்தா மறுபடியும் கூரை இல்லை."

செங்கல் அறுக்கும் குடும்பத்துக்குச் செங்கல் சுவர் இல்லை! இந்தச் சுழலை எப்படி அறுப்பது என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கணக்கில் வராதவர்கள்

வீடற்றவர் என்றதும் நகரத்து நடைபாதையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட வீடற்றவர்கள் ஏறத்தாழ 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களுள் 8 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குமேல் சிற்றூர்ப் பகுதியினர். அதாவது, ஏறக்குறையப் பாதிப் பேர்!

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. திறந்த வெளியிலும், கோயில் மண்டபத்திலும், பாலத்தின் கீழும் படுப்போரையே அக்கணக்கு வீடற்றவர் என்கிறது. ஓலைக் குடிசைக்குத் தனி வாசல் இருந்தால் அது கணக்கில் 'வீடு'. எனவே என் தோழியின் குடும்பம் வீடற்றோர் பட்டியலில் இருக்காது. ஊர்ப்புறத்து வீடின்மை இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

நகர வீடற்றோருக்கென இரவுக் காப்பகங்கள் உண்டு. 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றை வற்புறுத்தியது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அவற்றுக்குப் பணம் ஒதுக்கியது. பெயரே சொல்வதுபோல, அது நகர்ப்புறத்துக்கானது. சிற்றூரில் காப்பகம் கட்டினால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஊர்ப்புறத்தார்க்கு வேண்டியது ஓர் இரவுப் பாய் அன்று, நிலையான முகவரி.

முதற்படி: யார், எப்படி?

நல்ல திட்டம் நல்ல கணக்கெடுப்பில் தொடங்குகிறது. ஊர்ப்புற வீடற்றோரை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகையினர்க்கு மனை உண்டு. வீடு கட்டப் பணமில்லை. இரண்டாம் வகையினர்க்குக் குடிசை உண்டு. அது நிற்கும் மண் அவர்களுடையதன்று. மூன்றாம் வகையினர் சூளை, உப்பளம், கரும்புத் தோட்டம் என்று பருவந்தோறும் இடம் பெயர்பவர்கள். நான்காம் வகையினர் ஆதரவற்ற முதியோர், கைவிடப்பட்ட பெண்கள், மனநோயால் வழி தவறி அலைவோர் ஆகியோர்.

முதல் வகைக்குப் பணம் போதும். இரண்டாம் வகைக்கு நிலம் வேண்டும். மூன்றாம் வகைக்கு உள்ளூரில் பிழைப்பு வேண்டும். நான்காம் வகைக்கு மனிதத் துணை வேண்டும். நால்வருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் பிடிக்கும் என்பது வெள்ளிடை மலை.

இரண்டாம் படி: நிலம்

நிலம் இன்றி வீடு இல்லை. 1971ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்க்கும் கைவினைஞர்க்கும் அந்தக் குடிசை மனையையே சொந்தமாக்கிய சட்டம் அது.

ஆனால் ஏரிக்கரை, ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம் ஆகியவை நீர்நிலைப் புறம்போக்கு. அங்குப் பட்டா கிடைக்காது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்கிறது. ஏரி காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. நீரின்றி ஊர் இல்லை. ஆயினும் அகற்றப்படும் குடும்பம் எங்கே போகும்? ஆகவே மாற்று மனையை முதலில் காட்டி, பின்னரே குடிசையை அகற்றுவது நல்ல திட்டத்தின் இலக்கணம்.

மாற்று மனை எங்கே இருக்க வேண்டும்? ஊருக்கு வெளியே, மழைநீர் தேங்கும் பள்ளத்தில், பேருந்து வராத இடத்தில் மூன்று சென்ட் தந்தால் அது தண்டனையே ஆகும். வேலை செய்யும் இடமும், பள்ளியும், நியாய விலைக் கடையும் நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். பட்டா குடும்பத் தலைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருப்பது நலம். பட்டா தன் பெயரில் உள்ள பெண்ணை வீட்டை விட்டு எளிதில் விரட்ட முடியாதல்லவா?

மூன்றாம் படி: வீடு

சிற்றூர் ஏழைகளுக்காக 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் பிறந்தது. 2016இல் அது பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. அப்போது வகுத்த விதிப்படி வீட்டின் பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. சமவெளிப் பகுதியில் மானியம் 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். குடிசைகளின் இடத்தில் 2030ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு.

'வீட்டைக் கட்டிப் பார்' என்று சும்மாவா சொன்னார்கள்? மானியம் ஒரே முறையில் வராது. கட்டடம் வளர வளரத் தவணையாக வரும். கையில் காசில்லாத குடும்பம் சுவரை எழுப்பக் கடன் வாங்கும். கடனை அடைக்க மீண்டும் முன்பணம், மீண்டும் சூளை! வீடு கட்டப் போய் வீட்டை விட்டே போகும் நிலை இது. மகளிர் சுய உதவிக் குழு வழியாகக் குறைந்த வட்டிக் கடனும், ஊர்க் கொத்தனாரின் பொறுப்பான உதவியும் இருந்தால் இந்தப் பள்ளத்தைத் தாண்டலாம்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 'எலிப்பொறிக் கட்டு' என்ற முறையைப் பரப்பினார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவது இம்முறை. ஏறத்தாழக் கால் பங்குச் செங்கல் மிச்சமாகும். வெற்றிடத்தில் உள்ள காற்று வெயிலைத் தடுக்கும். அங்கே வாழப் போகிறவரிடம் பேசி, அவர் தேவையை அறிந்து வரைபடம் போட வேண்டும் என்பதும் அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

நான்காம் படி: துணைப் பணிகள்

சாவியைக் கொடுத்ததோடு திட்டம் முடிந்ததா? இல்லை, அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தாள்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பழங்குடியினர்க்குரிய சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குவார். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்துக்கு அந்த அலுவலகம் மலைபோலத் தோன்றும். இன்னொரு தாளும் உண்டு. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மீட்கப்பட்டவர்க்குத் தரப்படும் விடுதலைச் சான்றிதழ் அது. 2016ஆம் ஆண்டு வீட்டுத் திட்ட விதிகளின்படி, சட்டப்படி மீட்கப்பட்ட கொத்தடிமைகளும் தங்குமிடமே இல்லாதவர்களும் முன்னுரிமை பெறுவோர் வரிசையில் உள்ளனர். ஆக, ஒரு சிறு தாள் ஒரு வீட்டின் கதவைத் திறக்க முடியும்.

அடுத்தது பிழைப்பு. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோலுக்காகப் பாம்பைக் கொல்லும் தொழில் சட்டத்தால் நின்றபின், உயிரோடு பிடித்து நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழிலாக அது மாறியது. பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்நஞ்சே மூலப்பொருள். இருளரின் பழைய அறிவே புதிய சோறாயிற்று!

மூன்றாவது கல்வி. பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கென 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நான்காம் வகையினர்க்கான துணையைச் சென்னையில் 1993இல் தொடங்கிய 'பேனியன்' நிறுவனம் காட்டியுள்ளது. மனநோயுற்று வீதியில் அலைந்த பெண்களுக்குப் புகலிடம் தந்த நிறுவனம் அது. நோய் தணிந்தும் போக வீடில்லாத பெண்களுக்காக 2015இல் 'மீண்டும் இல்லம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அக்கம் பக்கத்தாரோடு பேசுகிறார்கள். உதவியாளர் ஒருவர் துணை நிற்கிறார். சென்னையை அடுத்த சிற்றூர்களிலும் இத்தகைய வீடுகள் உண்டு. பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு தெருவும் நல்ல அயலாரும் போதும் என்பதை இது மெய்ப்பிக்கிறது.

ஒன்றாகச் சேர்த்தல்

இவை அனைத்தும் வெவ்வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன என்பதே சிக்கல். கேரளத்தில் 2021இல் மிகக் கொடிய வறுமையில் இருந்த குடும்பங்களைத் தேடிக் கணக்கெடுத்து, 64,006 குடும்பங்களைக் கண்டார்கள். உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகிய நான்கையும் அளந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் எழுதினார்கள். ஒரு வீட்டுக்கு மருந்து, ஒரு வீட்டுக்கு நிலம், ஒரு வீட்டுக்கு அடையாள அட்டை என்று தேவைக்கேற்ப உதவி போயிற்று. நாம் மேலே கண்ட நால்வகைப் பிரிவும் இந்த நோக்கமே உடையது.

முடிவுரை

1987ஆம் ஆண்டை வீடற்றோர்க்கான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடியது. அதை ஒட்டி அவ்வாண்டு டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஏடு, 'வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய்?' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அந்தக் கேள்வி நம் வகுப்பறைக்கும் உரியது.

நாம் என்ன செய்யலாம்? நாம் இன்னும் வாக்காளர் அல்லர். ஆனால் நம் பெற்றோர் வாக்காளர். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் வீட்டுப் பயனாளிகள் பட்டியல் வைக்கப்படும்போது, ஏரிக்கரைக் குடும்பங்களின் பெயர் அதில் உண்டா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்பாவும் அம்மாவும் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நமக்கோ, விண்ணப்பம் எழுதும் கை உண்டு.

எங்கள் குழு பதினோரு குடும்பங்களுக்கும் மாற்று மனை கேட்டு மனு எழுதியது. கடந்த அக்டோபர் 2ஆம் நாள் அவர்களே கிராம சபையில் அதைக் கொடுத்தார்கள். மனை இன்னும் வரவில்லை. ஆனால் பதினொன்றில் எட்டுக் குடும்பங்களுக்கு ஆதாரில் பிழை திருத்தியாயிற்று; மூன்று சிறுமியர் இவ்வாண்டு பொங்கலுக்குப் பின்னும் ஊரிலேயே தங்கிப் பள்ளிக்கு வருகிறார்கள். என் தோழி அவர்களுள் ஒருத்தி அல்லள். அவள் சூளையில் இருக்கிறாள்.

அவள் திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு கதவு எண் இருக்க வேண்டும். அதற்காக உழைக்க இன்றே உறுதி கொள்வோமாக!