காமன் கூத்தும் ஒளிப்படக் கருவியும்

மலையகத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்து இரவுக்குரிய கலையாகும். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதையும் இரதியின் புலம்பலும் தப்பின் ஒலிக்கேற்ப வெட்டவெளியில் ஆடிக் காட்டப்படுகின்றன. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் இதனைப் படம்பிடிக்க முயல்வோர்க்கு இடர்கள் இரண்டு: ஒளியோ குறைவு, ஆடுவோரோ ஓரிடத்தில் நில்லார். இத்தகைய வேளையில் கருவியின் தானியங்கு முறை பெரும்பாலும் தவறிவிடுகின்றது. சூழ்ந்துள்ள இருளையும் சேர்த்து அளக்கும் ஒளிமானி மிகுதியான ஒளியை உட்புக விடுதலால், முகம் வெளிறிப்போகின்றது. கைகால்கள் கலங்கித் தோன்றுகின்றன.

இவ்விடர் புதியதன்று. கல்கத்தாவிற் பிறந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள உழைக்கும் மக்கள் சிலரைப் படம்பிடித்தார். 1879இல் மலையகத்திலேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்ட ஈரத்தகட்டு முறையில் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட வேண்டியிருந்தன. அமர்ந்தவர் அசைந்தால் உருவம் கலங்கிவிடும். இரவுக் கூத்தைப் பதிவு செய்தல் அம்முறைக்கு எட்டாத காரியமே. இன்றைய கருவிக்கு அது எட்டும். ஆயின், அதனை ஆள்வோர் மூன்று அமைப்புக்களைத் தாமே தீர்மானித்தல் வேண்டும்.

முதலாவது, மூடியின் வேகம், இரண்டாவது, வில்லையின் துவாரம், மூன்றாவது, உணர்திறன். வேகத்தை 1/60 செக்கனிலிருந்து 1/125 ஆக உயர்த்தினால் ஒளி பாதியாகும். துவார எண்ணை 4இலிருந்து 2.8 ஆகக் குறைத்தாலும், உணர்திறனை 1600இலிருந்து 3200 ஆகக் கூட்டினாலும் அவ்விழப்பு ஈடாகும். எனினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. துவாரம் விரிந்தால் தெளிவாய்த் தோன்றும் ஆழம் குறுகும்; உணர்திறன் கூடினாற் படத்திற் புள்ளிகள் மலியும்.

இவற்றுள் வேகத்தையே முதலில் வரையறுத்தல் முறை. புள்ளிகளைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம். சிறிது இருண்ட படத்தை வெளிச்சமாக்கலாம். அசைவினாற் கலங்கிய அடவையோ முகபாவத்தையோ மீட்டல் அரிது. இரதியின் மெல்லிய அசைவுக்கு 1/60 அல்லது 1/125 போதுமாகலாம். துள்ளியாடும் வேடங்களுக்கு 1/250 வேண்டும். தீவட்டியோடு மின்விளக்கும் உள்ள இடத்தில் 1/125 செக்கன், துவாரம் 2.8, உணர்திறன் 3200 எனத் தொடங்கிப் பார்க்கலாம். துள்ளலுக்காக வேகத்தை இருமடங்காக்கின் உணர்திறனும் 6400 ஆதல் வேண்டும். ஒளி நிறைந்த முகம் வெளிறாதிருக்கின்றதா என்பதே சோதனை. பின்னணி இருண்டிருத்தல் குற்றமன்று.

ஆட்டத்தின் இயல்பை அறிதலும் பெருந்துணையாகும். குறுக்கே செல்பவரினும் கருவியை நோக்கி வருபவரின் அசைவு படத்திற் குறைவாகவே தோன்றும். குதித்தவர் உச்சியை எட்டும்போது ஒரு கணம் நின்றாற்போலிருப்பார். தப்பின் தாளத்தைச் செவியால் தொடர்பவர் அக்கணத்தை முன்னரே உணர்வார்.

மின்வெட்டொளியைப் பயன்படுத்தினால் என்ன என்று வினவலாம். மலைப்பனியில் அவ்வொளி நீர்த்துளிகளிற் பட்டுத் திரும்பிப் படத்தை வெண்திரையாக்கும். தீவட்டியின் செந்நிறத்தையும் அழிக்கும். மேலும், காமன் கூத்து நேர்த்தியும் விரதமும் சார்ந்த சடங்கு. ஆடுவோரின் கண்ணைக் கூசச் செய்து ஒருமுகப்பட்ட மனத்தைக் கலைத்துப் பெறும் படம் அக்கூத்துக்கு உண்மையான சான்றாகாது. தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலையை, அது நிகழும் ஒளியிலேயே, நிகழும் வண்ணமே பதிவு செய்தற்காகவே இவ்வமைப்புக்களைக் கற்றல் வேண்டும்.